குடிக்காத பெண்ணுக்கும் ஈரல் வருத்தமா?

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஒரு கிராமம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். பொதுநோக்கு மண்டபத்துக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஓர் அக்கா மட்டும் போகாமல் நின்றார். நாற்பத்தேழு வயது. விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். பகலில் தையல். இறுதிப் போரில் கணவரை இழந்தவர். அப்போது வயிற்றிலிருந்த மகளை 2009 இல் மெனிக் பாம் முகாம் வாழ்க்கையின்போது பெற்று, தனியாக வளர்த்து, பத்தாம் வகுப்புக்கு மேலே படிக்க வைத்தவர்.

பிளாஸ்ரிக் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். “தங்கச்சி, ஒருக்கா இதைப் பாருங்கோ. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

ஸ்கான் அறிக்கை. மேல் வயிற்று நோவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்து எடுத்தது. கல் இல்லை. ஆனால் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது, இரண்டாம் தரம் என்று எழுதியிருந்தது. திகதியைப் பார்த்தேன். நாலு மாதம் கடந்துவிட்டது. அடுத்த கிளினிக்குக்கு அவர் போகவேயில்லை.

நான் அப்போது கேட்ட கேள்வியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. “அக்கா, குறை நினைக்காதேங்கோ, குடிக்கிற பழக்கம் ஏதும் எப்பவாவது இருந்ததோ?”

அவருடைய முகம் இருண்டுவிட்டது. “நீங்களும் உதைத்தானே கேக்கிறியள். மாமியும் இதைத்தான் கேட்டவ. சாராயப் போத்தலைக் கையாலையும் தொட்டதில்லைப் பிள்ளை. ஆம்பிளை இல்லாத வீடு. ஊர் அறிஞ்சால் என்ன கதைக்கும்? என்ரை பெட்டையை ஆர் கட்டுவினம்?”

நோயைவிடப் பெரிய பயம் அது. அந்தப் பயத்தினால்தான் நாலு மாதம் அந்த அறிக்கை அரிசி வாளியின் அடியில் கிடந்திருக்கிறது. நானும் அதற்கு ஒரு கை கொடுத்துவிட்டேன். நான் படித்தது சமூகவியல், உடலியல் அல்ல. ஆகவே அந்தக் கிழமையே எங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் வைத்தியர் ஒருவரிடம் விளக்கமாகக் கேட்டேன். தேடி வாசித்தேன். அறிந்ததை அந்த அக்காவுக்குச் சொன்னேன். இந்த மாதம் உங்களுக்கும் சொல்கிறேன்.

ஈரலுக்குள் ஒரு கொம்பறை

ஈரல் எங்கள் வலப்பக்க விலா எலும்புகளின் கீழே இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சும் சத்துகளில் பெரும்பகுதி இரத்தத்தோடு முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். எதை உடனே எரிப்பது, எதை மற்ற உறுப்புகளுக்கு அனுப்புவது, எதைச் சேமித்து வைப்பது என்று பங்கிடும் வேலை ஈரலுடையது.

வன்னியில் முன்பு வீட்டுக்கு வீடு கொம்பறை இருந்ததை வயதானவர்கள் அறிவார்கள். வயலில் விளைந்த நெல்லைக் கொட்டி மூடி, வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக் குத்திச் சமைப்பார்கள். ஈரலிலுள்ள ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அப்படி ஒரு சின்னக் கொம்பறை வைக்க இடமிருக்கிறது. மேலதிகமாக வரும் கொழுப்பைக் கலம் சின்னச் சின்னத் துளிகளாக உருட்டி, ஒவ்வொரு துளியையும் மெல்லிய உறையால் மூடி வைக்கிறது. உறையின்மேல் காவலுக்குப் புரதங்கள் நிற்கின்றன. நாங்கள் பட்டினி இருக்கும்போது அந்தப் புரதங்கள் கதவைத் திறந்துவிடும். கொழுப்பு வெளியே வந்து எரிந்து சக்தியாகும்.

ஆகவே ஈரலில் கொஞ்சம் கொழுப்பு இருப்பது நோயல்ல. நூறு கலங்களில் ஐந்துக்கு மேற்பட்டவை கொழுப்புத் துளிகளால் நிறைந்திருந்தால்தான் வைத்தியர்கள் அதைக் கொழுப்பு ஈரல் என்று சொல்கிறார்கள்.

இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? “நான் எண்ணெய்ச் சாப்பாடு தொடுறேல்லையே” என்றுதான் அந்த அக்காவும் சொன்னார். இதில்தான் எங்களில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் ஈரலில் சேர்ந்திருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அமெரிக்காவில் பிரித்துப் பார்த்து, 2005 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நேரே சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது நூற்றுக்கு 15 பங்குதான். ஏறக்குறைய 26 பங்கு சீனி, மாப்பொருள் ஆகியவற்றிலிருந்து ஈரல் தானே செய்த கொழுப்பு. மிச்சம் 59 பங்கு, வயிற்றிலும் இடுப்பிலும் சேர்ந்திருந்த உடற்கொழுப்பு கரைந்து இரத்தம் வழியாக வந்தது.

உடற்கொழுப்பைக் கட்டி வைத்திருப்பது இன்சுலின். வயிறு பெருத்து, உடம்பு அசையாமலிருக்கும்போது இன்சுலினின் சொல்லை உடம்பு கேட்பது குறைகிறது. அப்போது உடற்கொழுப்பு அவிழ்ந்து ஈரலுக்கு ஓடுகிறது. இன்சுலினோ இன்னும் கூடச் சுரந்து, சீனியைக் கொழுப்பாக்கு என்று ஈரலை ஏவுகிறது. இரண்டு பக்கத்தாலும் மூட்டை வந்து இறங்குகிறது. சலரோகமும் கொழுப்பு ஈரலும் அக்கா தங்கை போல ஒரே வீட்டில் குடியிருப்பதன் காரணம் இதுதான்.

கொம்பறை குற்றவாளியல்ல

வாசித்தபோது என்னை நிறுத்திய விடயம் ஒன்று உண்டு. 2007 இல் சில விஞ்ஞானிகள் கொழுத்த எலிகளின் ஈரலில் கொழுப்பைத் துளியாகச் சேமிக்கும் வழியைத் தடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் கொழுப்புக் குறைந்தது. ஆனால் ஈரல் குணமாகவில்லை. காயமும் தழும்பும் கூடிவிட்டன. ஏனென்றால் துளியாக மூடி வைத்த கொழுப்புப் பெரிய கெடுதல் செய்யாது. மூடாமல் கலத்துக்குள் அலையும் கொழுப்பமிலந்தான் கலத்தைச் சுட்டுப் புண்ணாக்குகிறது.

அதாவது, கலம் கொழுப்பைச் சேமிப்பது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். கொம்பறையை உடைத்தால் பிரச்சினை தீராது, நெல் வெளியே கொட்டி எலியும் பூச்சியும் வந்துவிடும். ஓயாமல் மூட்டை வந்து இறங்குவதை நிறுத்துவதுதான் வழி. வரவு நிற்காமல் கூடிக்கொண்டே போனால் ஒருநாள் கொம்பறை கொள்ளாது. கலம் வீங்கி உடைகிறது. அதைத் துப்புரவாக்க வரும் கலங்கள் அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி நீண்டால், ஆறிய புண்ணில் வடு விழுவதுபோல ஈரலில் தழும்பு விழுகிறது. தழும்பு கூடிக் கூடி ஈரல் முழுவதும் முடிச்சு முடிச்சாக இறுகும் நிலைதான் சிரோசிஸ். “ஈரல் கரைஞ்சு போச்சு” என்று ஊரில் சொல்வோம். உண்மையில் அது கரைவதில்லை. தழும்பேறிக் கல்லாகிறது. சிலருக்கு அதிலிருந்து புற்றுநோயும் வரும்.

எல்லோருக்கும் இப்படி முற்றுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் சிறு பங்கினரே சிரோசிஸ் வரை போகிறார்கள், அதுவும் பல வருடங்களில். கொழுப்பு மட்டும் இருக்கும் கட்டத்தில் வரவைக் குறைத்தால் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பும். தொடக்கத் தழும்புகூடக் குறையலாம். இறுகி முடிந்த பின்தான் திரும்பும் வழி மிகக் குறுகிவிடுகிறது. அந்த அக்கா ஒளித்து வைத்த நாலு மாதம் எனக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்று இப்போது விளங்கும்.

இன்னுமொன்று. கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் உயிரை எடுப்பது கூடுதலாக ஈரலல்ல, மாரடைப்பு. ஈரலில் கொழுப்பு என்பது இதயத்துக்கும் இரத்தக் குழாய்க்கும் சேர்த்து வந்த எச்சரிக்கைக் கடிதம்.

‘குடிகாரர் வருத்தம்’ என்ற பெயர் எப்படி மாறியது?

குடிக்காத பெண்கள் இந்தச் சந்தேகத்தைச் சுமந்தது எங்கள் ஊரில் மட்டுமல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற வைத்தியரும் அவருடைய தோழர்களும் 20 நோயாளிகளின் ஈரலைச் சோதித்து, 1980 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் குடிகாரரின் ஈரல் போலவே இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பவர்களல்லர். பெரும்பாலானோர் உடல் பருத்தவர்கள். பாதிக்கு மேல் பெண்கள். அதுவரை அந்த வருத்தத்துக்கு ஒரு பெயரே இருக்கவில்லை. பெயர் இல்லாதபோது நோயாளி பொய் சொல்கிறார் என்று நினைப்பதுதானே வைத்தியருக்கும் வீட்டாருக்கும் சுலபம். லுட்விக் வைத்த பெயரிலும் ‘மதுவினால் அல்லாத’ என்று மதுவின் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. 2023 இல் உலகின் ஈரல் வைத்தியச் சங்கங்கள் கூடி அதையும் மாற்றின. இப்போது உடலின் சீனி, கொழுப்புச் சமநிலை குழம்பியதால் வரும் கொழுப்பு ஈரல் என்ற பொருளில் புதிய பெயர் வழங்குகிறது. குற்றம் சாட்டாத பெயர்.

எங்கள் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். களனிப் பல்கலைக்கழக வைத்தியர்கள் 2007 இல் ராகமப் பகுதியில் 35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட 2985 பேரை ஸ்கான் செய்து பார்த்தார்கள். மதுவினால் அல்லாத கொழுப்பு ஈரல் 974 பேருக்கு இருந்தது. மூன்று பேரில் ஒருவர். ஏழு வருடம் கழித்து மீண்டும் பார்த்தபோது, முன்பு நோய் இல்லாதிருந்தவர்களிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு வந்திருந்தது.

அது கொழும்புப் பக்கத்துப் பட்டினம், கையில் காசுள்ள சனம் என்று நீங்கள் சொல்லலாம். 2011 இல் வெளியான இன்னோர் ஆய்வு மலையகத்தில் லிந்துலைப் பகுதித் தோட்டங்களில் நடந்தது. கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறி இறங்கும் மக்கள். குறைந்த வருமானம், கடும் உடலுழைப்பு. அங்கேயும் நூற்றுக்கு 18 பேருக்குக் கொழுப்பு ஈரல். பட்டினத்தைவிடக் குறைவு, உழைப்பு காப்பாற்றுகிறது என்பது தெரிகிறது. ஆனால் ஏழைக்கு வராது என்பது பொய் என்பதும் தெரிகிறது.

ஒல்லியானவருக்கும் வரலாம். தெற்காசியரான எங்கள் உடம்பில் கை கால் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றுக்குள் சேர்வது கூட. பெண்களுக்கு மாதவிடாய் வரும் காலம் வரை ஈஸ்திரஜன் ஓமோன் ஓரளவு காவல் நிற்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் அந்தக் காவலும் விலகுகிறது. கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த தாய்மாருக்கும் பின்னாளில் ஆபத்துக் கூட.

எங்கள் வாழ்க்கை மாறிய விதம்

அந்த அக்காவின் ஒரு நாளை அவரோடிருந்து எழுதிப் பார்த்தேன். விடிய மூன்றரைக்கு எழும்பியதும் பால்தேநீர். ஒரு நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு நாலைந்து கிராம் என்று பார்த்தால் ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ வரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லதென்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொல்லியிருக்கிறது. காலையில் விற்காமல் மிஞ்சிய இடியப்பம் சம்பலோடு. மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, கொஞ்சக் கறி. இரவில் கோதுமை மா ரொட்டி. மீன், முட்டை, இறைச்சி இருந்தால் மகளுக்கு. “அவள் படிக்கிற பிள்ளை” என்கிறார். பட்டினியில்லை, ஆடம்பரமுமில்லை. ஆனால் கோப்பையில் இருப்பதெல்லாம் மாப்பொருளும் சீனியும்.

புரதம் குறைந்தால் ஈரலுக்கு வேறொரு சிக்கலும் வரும். கொழுப்பைப் பொதிசெய்து வெளியே அனுப்ப ஈரலுக்குப் புரதம் தேவை. புரதமே கிடைக்காத குழந்தைகளின் வயிறு ஊதி, ஈரல் கொழுத்துப் போவதை 1930களில் ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் விவரித்தார். குவாசியோர்க்கர் என்று அதற்குப் பெயர். கொழுப்பு ஈரல் என்பது மிகுதியாகத் தின்றவரின் அடையாளம் மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உழைப்பும் மாறிவிட்டது. முன்பு களை பிடுங்கவும் அரிவி வெட்டவும் இந்த அக்கா வயலில் நின்றவர். இன்று வயலில் இயந்திரம் நிற்கிறது, அக்கா தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிறார். கிணற்றடிக்குப் பதில் குழாய். சைக்கிளுக்குப் பதில் ஸ்கூட்டி. இவையெல்லாம் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வராது. இடுப்பொடிய உழைத்த பெண்களுக்குக் கிடைத்த ஆறுதல் அவை. ஆனால் உடம்பு தன் பழைய கணக்கிலேயே சேமித்துக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டுப் பழக்கத்திலும் போரின் கை உண்டு. முகாமிலும் மீள்குடியேறிய முதல் மாதங்களிலும் நிவாரணமாக வந்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைக் காத்த சாப்பாடு, நன்றி மறக்கக் கூடாது. ஆனால் குரக்கனும் பயறும் கீரையும் இருந்த இடத்தில் கோதுமை மா நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

மகளைப் பற்றியும் அக்கா கேட்டார். இரண்டாம் உலகப் போரில், 1944 இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் ஒல்லாந்து பெரும் பட்டினியில் வாடியது. அப்போது கருவிலிருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, இரத்தத்தில் சீனியைச் சமாளிக்கும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது என்று 1998 இல் ஓர் ஆய்வு சொன்னது. வயிற்றிலிருக்கும்போதே பஞ்சத்தைக் கண்ட உடம்பு, பிறகு கிடைப்பதையெல்லாம் சேமிக்கப் பார்க்கிறது. 2009 இல் கஞ்சியோடு நாட்களைக் கடத்திய தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள் இப்போது பதின்ம வயதில் நிற்கிறார்கள். அவர்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சோடாப் போத்தலை அவர்கள் கையிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 2016 முதல் எங்கள் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் போடப்படுகிறது. சிவப்பைக் கண்டால் சீனி மிக அதிகம். பார்த்து வாங்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

குடிப்பவர் வீட்டுக்கும் ஒரு சொல்

மது ஈரலைக் கெடுக்காது என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். மதுவை எரிக்கும் அவசரத்தில் ஈரல் கொழுப்பை எரிப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே சாராயமோ பியரோ கசிப்போ நிறையக் குடிப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கொழுப்பு ஈரல் இருக்கும். ஏற்கெனவே சீனியும் தொப்பையும் உள்ளவர் குடித்தால் இரண்டு தீயும் ஒன்றாக எரியும். நல்ல செய்தி என்னவென்றால், கொழுப்புக் கட்டத்தில் குடியை அடியோடு நிறுத்தினால் சில கிழமைகளிலேயே ஈரல் தெளியத் தொடங்கும். ஆனால் நாள்தோறும் கடுமையாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும். வைத்தியரிடம் காட்டி அவருடைய மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

நாங்கள் செய்யக்கூடியவை

ஈரல் கத்தாத உறுப்பு. கொழுப்புச் சேரும்போது பெரும்பாலும் எந்த நோவும் காட்டாது. ஆகவே நாங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

முதலில் இடுப்பை அளவுங்கள். எங்கள் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர். அதற்கு மேலிருந்தால் சோதிக்க வேண்டும். இதைச் சொன்னபோது அந்த அக்கா சிரித்தார். “ஊரிலை உள்ள பெண்டுகளின்ரை இடுப்பையெல்லாம் அளந்தனான். என்ரை இடுப்பை ஒருநாளும் அளக்கேல்லை.” அளவு நாடாவை எடுத்து அப்போதே சுற்றினார். முப்பத்தாறு.

இரண்டாவது, நிறை. இருக்கும் நிறையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் ஈரல் கொழுப்புக் குறையும். 7 பங்கு குறைந்தால் அழற்சி தணியும். 10 பங்கு குறைந்தால் தழும்பும் பின்வாங்க வாய்ப்பு உண்டு. 62 கிலோ உள்ள ஒருவருக்கு முதல் படி மூன்று கிலோதான். ஆறுதலாக, மாதக் கணக்கில் குறைக்க வேண்டும். பட்டினி கிடந்து சடுதியாக மெலிவது ஈரலுக்கும் பித்தப்பைக்கும் கூடாது.

மூன்றாவது, கோப்பை. பாதிக் கோப்பைக்கு மரக்கறியும் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை போன்ற இலைக்கறியும். கால் கோப்பைக்கு மீன், முட்டை, பயறு, கடலை, பருப்பு ஆகியவற்றில் ஏதாவது. மிச்சக் கால் கோப்பைக்குத்தான் சோறு. குளத்து மீனும் பயறும் எங்கள் கைக்கெட்டியவை. தாய்க்கும் ஒரு துண்டு மீன் வேண்டும், அது பிள்ளையின் பங்கைப் பறிப்பதல்ல. தேநீரில் சீனியைக் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கும் பழகிவிடும். சர்க்கரை, பனங்கட்டி என்று மாற்றினாலும் அளவு அளவுதான்.

நான்காவது, நடை. கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம், மூச்சுக் கொஞ்சம் வாங்கும் வேகத்தில். நிறை குறையாவிட்டாலும் நடை ஈரல் கொழுப்பைக் குறைக்கும். இன்சுலினின் சொல்லைத் தசை மறுபடி கேட்கத் தொடங்கும்.

ஐந்தாவது, கிளினிக். 35 வயது கடந்த பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. சுகாதார அமைச்சு 2011 இலிருந்து நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் நிறை, இடுப்பு, பிரஷர், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொழுப்பு ஈரல் என்று தெரிந்தால் தழும்பு விழுந்திருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வயதையும் சில சாதாரண இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வைத்தே அதை ஓரளவு கணக்கிட முடியும்.

ஆறாவது, மருந்து. தழும்பு விழுந்தவர்களுக்கென்று முதல் மருந்து 2024 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துத்தான். ஈரலைக் கழுவும் என்று விற்கப்படும் தூள், பாணி எதையும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். சில மூலிகைகளே ஈரலைப் புண்ணாக்கியிருக்கின்றன.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு தனி எச்சரிக்கை. கடைசி மூன்று மாதங்களில் அடங்காத வாந்தி, மேல் வயிற்று நோவு, கண் மஞ்சளாதல் ஏதும் வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அருமையாகச் சிலருக்கு அந்த நேரம் ஈரலில் கொழுப்புத் திடீரென ஏறி, தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்தாகும். இது நாம் இதுவரை பேசிய நோயல்ல, வேறு. ஆனால் அறிந்திருக்க வேண்டும்.

அந்த அக்கா

அவரோடு நானும் கிளினிக்குக்குப் போனேன். தழும்பின் அறிகுறி இல்லை என்றார் வைத்தியர். சீனி மட்டும் எல்லையில் நின்றது. “நல்ல நேரத்திலை வந்திட்டியள்” என்று அவர் சொன்னபோது அக்கா அழுதுவிட்டார்.

திரும்பி வந்து மாமியோடு கதைத்தேன். எழுபத்தைந்து வயது, வயலிலேயே வாழ்ந்த மனுசி. கொம்பறைக் கதையைச் சொன்னதும் கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அப்ப பிள்ளை, அவள் குடிச்சதாலை இல்லை, நாங்கள் எல்லாரும் குடிக்கிற தேத்தண்ணியாலை எண்டு சொல்லுறாய்” என்றார். தேத்தண்ணியால் மட்டுமில்லை ஆச்சி என்றேன். அடுத்த கிளினிக் நாளில் அவரும் ஓட்டோவில் ஏறி வந்தார். அவருக்கும் சீனி கூட இருந்தது, இவ்வளவு காலமும் தெரியாது. இப்போது இருவரும் ஒன்றாக மருந்துக்கும் சோதனைக்கும் போகிறார்கள்.

அக்கா இடியப்பத்தை ஸ்கூட்டியில் கொடுத்தனுப்பாமல், பக்கத்துக் கடைகளுக்குத் தானே நடந்து கொண்டுபோய்க் கொடுக்கிறார். நாலு மாதத்தில் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. இடுப்பு முப்பத்துநாலரை. இன்னும் குறைய வேண்டும். மழைக்காலத்தில் நடை தடைப்படும், தீபாவளி வந்தால் பலகாரம் வரும், அவருக்கும் தெரியும். அந்த ஸ்கான் அறிக்கை இப்போது அரிசி வாளிக்கு அடியில் இல்லை. கிளினிக் கொப்பிக்குள் மகள் ஒட்டி வைத்திருக்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் அயலில் ஒருத்திக்கு ஈரலில் கொழுப்பு என்று கேள்விப்பட்டால் நான் கேட்ட கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். குடித்தாளா என்று தேடுவது எங்கள் வேலையல்ல. கிளினிக்குக்குப் போனாயா, துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள். ஒரு பெண் தன் வருத்தத்தை ஒளிக்காமல் சொல்லக்கூடிய ஊராக இருந்தால், பாதி மருந்தை அந்த ஊரே கொடுத்துவிடும்.